திருப்பியது யார்? ‘திருப்புமுனை’ என்னும் சொல்லும் நம் வரலாறும்



நினைவுச் சொற்பொழிவு மேடைகளில் தவறாமல் ஒலிக்கும் சொல் ஒன்று உண்டு. மறைந்த தலைவரின் வாழ்க்கையைச் சொல்லும்போதும், ஒரு போராட்டத்தின் ஆண்டு நாளைக் கடைப்பிடிக்கும்போதும், ஒரு நூலை வெளியிடும்போதும் ‘இது ஒரு திருப்புமுனை’ என்கிறோம். மகாடு ஒரு திருப்புமுனை. பூனா ஒப்பந்தம் ஒரு திருப்புமுனை. வெண்மணி ஒரு திருப்புமுனை. அம்பேத்கர் நூற்றாண்டு ஒரு திருப்புமுனை. சுவரொட்டியிலும் துண்டறிக்கையிலும் ஆய்வேட்டிலும் இந்தச் சொல் இருக்கிறது. அதற்குப் பிறகு பெரும்பாலும் வேறெதுவும் இருப்பதில்லை. சொல்லைச் சொன்னதுமே விளக்கம் முடிந்துவிட்டதாக எண்ணி அடுத்த பத்திக்குப் போய்விடுகிறோம்.

அந்தச் சொல்லைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். சொல்லாராய்ச்சி என் துறையும் அல்ல, நோக்கமும் அல்ல. நம் மக்கள் செய்த வேலையை, அதைச் செய்தவர்களின் கையிலிருந்து நாமே பிடுங்கி வேறு யாரிடமோ கொடுத்துவிடுவதற்கு இந்தச் சொல்லை நாம் கையாளும் விதம் வழி செய்கிறது. சில எடுத்துக்காட்டுகளோடு அதைக் காட்ட முயல்கிறேன்.

சொல்லுக்குள் இருக்கும் ஆள்

பள்ளியில் படித்த இலக்கணம் ஒன்றை நினைவுபடுத்துகிறேன். ‘திரும்பு’ தன்வினை. ‘திருப்பு’ பிறவினை. வண்டி திரும்பியது என்றால் அது எப்படியோ திரும்பிவிட்டது. வண்டியைத் திருப்பினார் என்றால் கயிற்றைப் பிடித்து இழுத்த ஒருவர் அங்கே இருக்கிறார். நம் சொல் ‘திரும்புமுனை’ அல்ல, ‘திருப்புமுனை’. அதாவது, திருப்பிய ஆள் ஒருவர் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறார். அவர் இல்லாமல் அந்தச் சொல் இல்லை.

ஆனால் நாம் எப்படி எழுதுகிறோம்? ‘இந்நிகழ்வு தலித் வரலாற்றில் ஒரு திருப்புமுனையாக அமைந்தது.’ அமைவது தானாக நடப்பது. பள்ளத்தில் மழைநீர் தேங்கிக் குளம் அமைவதுபோல, வரலாற்றின் போக்கில் எங்கோ ஒரு முனை அமைந்துவிட்டதாக அந்த வாக்கியம் சொல்கிறது. பிறவினையில் பிறந்த சொல்லைத் தன்வினை வாக்கியத்துக்குள் அடைத்து, திருப்பியவரை வெளியே நிறுத்திவிடுகிறோம். ஊரின் எல்லா வேலைகளையும் செய்துவிட்டு ஊருக்கு வெளியே நிற்க வைக்கப்பட்ட மக்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள், வாக்கியத்திலும் அவர்களை வெளியே நிறுத்தலாமா?

‘முனை’ என்ற சொல்லையும் பார்க்க வேண்டும். ஊசிமுனை என்கிறோம், போர்முனை என்றும் சொல்கிறோம். ஊசிமுனைக்கு நீளமில்லை, அகலமில்லை. அது ஒரு புள்ளி. போர்முனை அப்படி அல்ல. அதற்கு நீளம் உண்டு, அது மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நிற்கும், எதிர்ப்பக்கத்தில் நிச்சயம் ஒருவர் இருப்பார். திருப்புமுனையை நாம் ஊசிமுனையாகவே புரிந்துகொண்டிருக்கிறோம். ஒரு தேதி, ஒரு புகைப்படம், ஒரு தலைவர். அதைப் போர்முனையாகப் புரிந்துகொண்டால் வேறொரு வரலாறு கிடைக்கும்.

இன்னொரு சொல்லோடும் இதைக் குழப்பிக்கொள்கிறோம். மைல்கல் வேறு, திருப்புமுனை வேறு. மைல்கல் அதே பாதையில் எவ்வளவு தூரம் வந்தோம் என்று சொல்லும். திருப்புமுனை பாதையே மாறியதைச் சொல்ல வேண்டும். ஓர் அரசாணை, ஒரு பதவி, ஒரு விருது இவை பெரும்பாலும் மைல்கற்கள். மைல்கல் மதிப்பில் குறைந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் மைல்கல்லைத் திருப்புமுனை என்று கொண்டாடினால், திரும்பாத பாதையைத் திரும்பிவிட்டதாக நம்பத் தொடங்கிவிடுவோம்.

மகாடு: பதினான்கு ஆண்டு நீண்ட முனை

1927 மார்ச் 20 அன்று மகாடு நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கரின் தலைமையில் மக்கள் இறங்கி நீர் அள்ளிக் குடித்தார்கள். அது திருப்புமுனை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த ஒரு நாளை மட்டும் வெட்டி எடுத்து வைத்துக்கொண்டால் எது எதைத் திருப்பியது என்பது புரியாது.

1923 ஆகஸ்டில் பம்பாய் சட்டமன்றத்தில் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. பொதுப் பணத்தில் கட்டப்பட்ட, பராமரிக்கப்படும் நீர்நிலைகளும் கிணறுகளும் பள்ளிகளும் தீண்டப்படாதார்க்கும் உரியவை என்றது அது. 1924 ஜனவரியில் மகாடு நகராட்சியும் குளத்தைத் திறந்துவிடுவதாகத் தீர்மானம் போட்டது. தாளில் எல்லாம் முடிந்துவிட்டது. ஆனால் மூன்று ஆண்டுகள் எவரும் அந்தக் குளத்தில் கை வைக்க முடியவில்லை. ஆவணத்தை மட்டும் படிக்கும் வரலாற்றாசிரியர் 1923ஐத் திருப்புமுனை என்று எழுதக்கூடும். அந்தத் தீர்மானம் ஒரு சொட்டு நீரைக்கூடத் திருப்பவில்லை.

மார்ச் 20க்குப் பிறகு என்ன நடந்தது? கோயிலுக்குள்ளும் நுழையப்போகிறார்கள் என்ற வதந்தியைப் பரப்பி, மாநாட்டுக்கு வந்தவர்களைச் சாதி இந்துக்கள் தாக்கினார்கள். சாணமும் கோமியமும் கலந்து 108 பானை ஊற்றிக் குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் நகராட்சி தன் பழைய தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. டிசம்பரில் மீண்டும் நீர் எடுக்கக் கூடியபோது நீதிமன்றத் தடை குறுக்கே வந்தது. அப்போதுதான் டிசம்பர் 25 அன்று மனுஸ்மிருதியைத் தீயிட்டார்கள். பிரெஞ்சுப் புரட்சிக்கு வழி திறந்த 1789ஆம் ஆண்டு தேசிய சபையோடு அந்த மாநாட்டை அம்பேத்கர் ஒப்பிட்டுப் பேசினார். குளத்தைப் பற்றிய வழக்கு நடந்துகொண்டே இருந்து, 1937 மார்ச்சில் பம்பாய் உயர்நீதிமன்றம் நம் பக்கம் தீர்ப்பளித்தது.

1923 முதல் 1937 வரை பதினான்கு ஆண்டுகள். மகாடு என்னும் முனையின் நீளம் அது. அதற்கு முன்னும் ஒரு நீளம் இருக்கிறது. மகாடைச் சுற்றிய கொங்கணப் பகுதியில் ஓய்வுபெற்ற மகர் படைவீரர்கள் வாழ்ந்தார்கள். அவர்களில் ஒருவரான கோபால் பாபா வலங்கர் 1888இலேயே தீண்டாமைக்கு எதிராக நூல் எழுதியவர். அம்பேத்கரை மகாடுக்கு அழைத்து மாநாட்டுக்காக அலைந்தவர் ஆர்.பி. மோரே. ஒரு குளத்தில் ஒரு நாள் கை நனைவதற்கு முன்னால் நாற்பது ஆண்டு உழைப்பு அங்கே கிடக்கிறது. அதைப் பற்றிப் பேசாமல் ‘மகாடு திருப்புமுனையாக அமைந்தது’ என்று எழுதினால், வலங்கரும் மோரேயும் பெயர் பதியப்படாத அந்தப் பெண்களும் ஆண்களும் காணாமல் போய்விடுகிறார்கள்.

நம் மாகாணத்துக்கும் இதே கதை உண்டு. 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் தாத்தா இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் பொதுச் சாலை, கிணறு, குளம், பொது இடங்கள் எல்லோருக்கும் உரியவை என்றது. அந்தத் தீர்மானத்தின் நூற்றாண்டும் கடந்துவிட்டது. பொதுக் குழாய்க்காகவும் பொதுப் பாதைக்காகவும் சேரி மக்கள் இன்றைக்கும் மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இதனால் தாத்தாவின் பணி சிறியது என்றாகிவிடாது. அவர் திறந்த முனையில் சண்டை இன்னும் முடியவில்லை என்றுதான் பொருள்.

1932: திருப்பியது எந்தத் திசைக்கு?

திருப்புமுனை என்ற சொல் திசையைச் சொல்வதில்லை. ‘நல்ல திருப்பம்’ என்ற தொனி மட்டும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் நேரும் மயக்கத்துக்குப் பூனா ஒப்பந்தத்தைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் போனார்கள். அவர்கள் வாதாடியதன் விளைவாக 1932 ஆகஸ்டில் வந்த வகுப்புவாரித் தீர்ப்பு, ஒடுக்கப்பட்டோருக்கு மாகாணச் சட்டமன்றங்களில் 71 இடங்களையும் தனி வாக்காளர் தொகுதியையும் கொடுத்தது. தங்கள் பிரதிநிதியைத் தாங்களே தேர்ந்தெடுக்க ஒரு வாக்கு, பொதுத் தொகுதியில் இன்னொரு வாக்கு. செப்டம்பர் 20 அன்று எரவாடா சிறையில் காந்தி உண்ணாநோன்பு தொடங்கினார். 24 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. இடங்கள் 71இலிருந்து 148ஆக உயர்ந்தன. தனித் தொகுதி போனது. இரட்டை வாக்கும் போனது.

இது ஒரு திருப்புமுனையா? ஆம். ஆனால் யாருக்கு, எந்தத் திசையில்? தேசிய இயக்கத்தின் வரலாற்றில் இது தீண்டாமை ஒழிப்புக்கான பெரிய திருப்பமாக வருகிறது. ஒப்பந்தம் முடிந்த ஒரு வாரத்துக்குள் தொடங்கப்பட்ட அமைப்புதான் பின்னர் அரிசன சேவா சங்கம் ஆயிற்று. கோயில் நுழைவும் சேரிகளில் துப்புரவுப் பணியும் முன்னுக்கு வந்தன. உரிமை கேட்டு வந்தவர்கள் சேவை பெறுகிறவர்களாக மாற்றப்பட்டார்கள். திருப்பியவர் நோன்பிருந்தவர். திருப்பப்பட்டவர்கள் நாம்.

நம் பக்கத்திலிருந்து பார்த்தால் எண்ணிக்கையில் ஏற்றம், அதிகாரத்தில் இறக்கம். காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதாருக்குச் செய்தது என்ன என்று கேட்டு 1945இல் அம்பேத்கர் எழுதிய நூல் இந்தக் கணக்கைத்தான் விரிவாகப் போட்டுக்காட்டியது. 1942இல் நாக்பூரில் உருவாகி, நம் என். சிவராஜ் தலைவராக இருந்த பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு, தனித் தொகுதிக் கோரிக்கையை மீண்டும் எழுப்பியது. 1932இல் எல்லாம் முடிந்துவிட்டது என்று அவர்கள் எண்ணவில்லை. வண்டியைத் தங்கள் திசைக்குத் திருப்ப மறுபடியும் கயிற்றைப் பிடித்தார்கள்.

எனவே ஒரே நிகழ்வு ஒருவருக்குத் திறப்பாகவும் இன்னொருவருக்கு அடைப்பாகவும் இருக்கலாம். பொதுவான திருப்புமுனை என்று ஒன்று கிடையாது. அந்தச் சொல்லைப் படிக்கும் இடத்திலெல்லாம், எழுதியவர் எந்தப் பக்கம் நின்று பார்க்கிறார் என்று கேட்க வேண்டும்.

வெண்மணி: எழுவாய் யார்?

இனி நான் சொல்லப்போவதைக் கொஞ்சம் பொறுமையோடு கேட்க வேண்டுகிறேன்.

1968 டிசம்பர் 25 இரவு, கீழத்தஞ்சையில் கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். எல்லோரும் தலித்துகள். மகாடில் மனுஸ்மிருதி எரிந்த அதே டிசம்பர் 25, நாற்பத்தோரு ஆண்டுகள் கழித்து. ‘வெண்மணிப் படுகொலை தமிழக வரலாற்றில் ஒரு திருப்புமுனை’ என்று ஆண்டுதோறும் எழுதுகிறோம்.

அந்த வாக்கியத்தில் எழுவாய் எது? படுகொலை. படுகொலையைச் செய்தவர்கள் நிலவுடைமையாளர்கள். அப்படியானால் வரலாற்றைத் திருப்பியவர்கள் அவர்களா? நாம் அதைச் சொல்ல நினைக்கவில்லை. ஆனால் வாக்கியம் அதைத்தான் சொல்கிறது. நாம் செத்ததால்தான் வரலாறு திரும்பியது என்றும், நம் சாவுக்கு ஒரு ‘பயன்’ இருந்தது என்றும் அது சொல்கிறது. ஒடுக்கப்பட்ட மக்களின் வரலாறு படுகொலைகளின் பட்டியலாகவே எழுதப்படுவதற்கு இந்தப் பழக்கம் ஒரு காரணம். பரமக்குடி, வெண்மணி, மேலவளவு, தாமிரபரணி என்று நாம் வரிசையாகச் சொல்லும் பெயர்களைப் பாருங்கள். கொலை நடந்த நாளில்தான் நாம் வரலாற்றுக்குள் நுழைகிறோம். அதற்கு முந்தைய நாள்வரை நாம் இருந்ததாகவே தெரிவதில்லை.

முந்தைய நாள் வெண்மணியில் என்ன இருந்தது? கூலியில் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டவர்கள் இருந்தார்கள். நெல் உற்பத்தியாளர் சங்கம் சங்கத்தை விட்டு விலகச் சொல்லி மிரட்டியபோது கொடியை இறக்க மறுத்தவர்கள் இருந்தார்கள். அதற்கும் முன்னால் 1940களில் சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் எதிராக எழுந்த பண்ணையாட்கள் இருந்தார்கள். பி. சீனிவாசராவின் வழிகாட்டலில் உருவான விவசாயிகள் இயக்கத்தின் பங்கை மறைக்க வேண்டியதில்லை. அந்த இயக்கத்துக்குச் சேரிதோறும் உடலையும் உயிரையும் கொடுத்தவர்கள் யார் என்பதையும் மறைக்கக் கூடாது. 1948இல் சிறையில் இறந்த களப்பால் குப்பு அவர்களில் ஒருவர். இவர்களின் அழுத்தத்தால்தான் 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

கீழத்தஞ்சையைத் திருப்பியவர்கள் இவர்கள். வண்டி திரும்பத் தொடங்கிவிட்டது என்று தெரிந்ததால்தான் எதிரில் நின்றவர்கள் தீ வைத்தார்கள். படுகொலை திருப்புமுனை அல்ல, திருப்பத்தைத் தடுக்க நடந்த முயற்சி. கூலி கேட்டதையும் கொடியை இறக்க மறுத்ததையும் திருப்பமாக எழுதி, கொலையை அதற்கு எதிரான வன்முறையாக எழுதினால், வெண்மணியின் 44 பேரும் பலியானவர்களாக மட்டும் நிற்க மாட்டார்கள். அரசியல் செய்தவர்களாக நிற்பார்கள்.

அதற்குப் பிறகு எது திரும்பியது, எது திரும்பவில்லை என்றும் பார்க்க வேண்டும். 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. 1971இல் குடியிருப்பு மனைகளுக்கு உரிமை வழங்கும் சட்டம் வந்தது. கூலி திரும்பியது, குடிமனை திரும்பியது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்கள் எல்லோரையும் விடுவித்தது. கார் வைத்திருக்கும் அளவு வசதி படைத்தவர்கள் தாங்களே நடந்துவந்து குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பது அந்தத் தீர்ப்பில் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. நீதி திரும்பவில்லை. நிலமும் பெரிதாகத் திரும்பவில்லை. அதற்காகக் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் போன்றவர்கள் பல ஆண்டுகள் தனியாக உழைக்க வேண்டியிருந்தது. சாதி என்ற பெயரை அந்தப் படுகொலையின் மேல் எழுதுவதற்கே நமக்கு இன்னும் இருபது ஆண்டுகள் ஆயின. ‘திருப்புமுனை’ என்ற ஒரு சொல்லால் இவ்வளவையும் மூடிவிட முடியுமா?

தொண்ணூறுகளுக்கு முன்

நம் இலக்கிய மேடைகளில் அதிகம் புழங்கும் திருப்புமுனை 1990களுடையது. அம்பேத்கர் நூற்றாண்டு, மண்டல் விவாதம், தலித் இதழ்கள், 1992இல் பாமாவின் ‘கருக்கு’. தலித் என்ற சொல்லைத் தமிழில் ஓர் அரசியல் சொல்லாக ஊன்றிய காலம் அது. நானும் என் தலைமுறையினரும் அந்தக் காலம் போட்ட விதையில் முளைத்தவர்கள். அதன் மதிப்பைக் குறைத்துப் பேச எனக்கு உரிமையில்லை.

ஆனால் ஒன்றைத் திருப்புமுனை என்று சொல்லும்போது, அதற்கு முன்னால் இருந்தது எல்லாம் அசையாமல் கிடந்தது என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது. தலித்துகள் 1990களில்தான் எழுதத் தொடங்கினார்கள் என்ற நம்பிக்கை அப்படித்தான் பரவியது. பண்டிதர் அயோத்திதாசர் 1891இலேயே நீலகிரியில் மாநாடு கூட்டித் தீர்மானங்கள் நிறைவேற்றினார். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். 1898இல் பண்டிதரின் முன்முயற்சியில் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் தோன்றியது. 1907இல் அவர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’, 1914இல் அவர் மறையும்வரை அவர் கையால் வாரந்தோறும் வந்தது. கோலார் தங்கவயல் தொழிலாளர்கள் அதைப் படித்தார்கள், பணம் அனுப்பினார்கள், சங்கக் கிளைகள் நடத்தினார்கள். எம்.சி. ராஜா 1922இல் சட்டமன்றத்தில் ஆதிதிராவிடர் என்ற பெயருக்காக வாதாடி வென்றார். 1944இல் சென்னையில் நடந்த பட்டியல் சாதிப் பெண்கள் மாநாட்டுக்கு அன்னை மீனாம்பாள் தலைமை தாங்கினார்.

பண்டிதரின் எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் தொகுத்து நூலாக்கியது 1999இல். அவர் மறைந்து எண்பத்தைந்து ஆண்டுகள் கழித்து. இடையில் நம் கையில் அவர் இல்லை. திராவிட இயக்க வரலாற்றிலும் தேசிய வரலாற்றிலும் அவருக்கு இடமில்லை. பிறர் மறைத்தார்கள் என்று சொல்வது சரிதான். எப்போதும் புதிதாகத் தொடங்குகிறோம் என்று சொல்லிக்கொள்ளும் நம் பழக்கமும் அதற்கு உதவியிருக்கிறது. ஒவ்வொரு தலைமுறையும் தன்னையே திருப்புமுனையாக அறிவித்துக்கொண்டால், முந்தைய தலைமுறை தானாகவே இருளுக்குள் போய்விடும்.

1956 அக்டோபர் 14 நாக்பூரை எடுத்துக்கொள்வோம். லட்சக்கணக்கானோர் அம்பேத்கரோடு பௌத்தம் ஏற்ற நாள். இந்துவாகச் சாகமாட்டேன் என்று அவர் இயோலாவில் அறிவித்து அதற்குள் இருபத்தோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த இருபத்தோரு ஆண்டுகளில் அவர் படித்த நூல்களில், சென்னைச் சாக்கிய பௌத்த சங்கத்தோடு சேர்ந்து உழைத்த பேராசிரியர் பி. லட்சுமி நரசு 1907இல் எழுதிய பௌத்த நூலும் உண்டு. அதன் 1948ஆம் ஆண்டுப் பதிப்புக்கு அம்பேத்கரே முன்னுரை எழுதினார். நாக்பூரின் திருப்பத்துக்குள் இராயப்பேட்டையின் இழை ஒன்று ஓடுகிறது. ஊசிமுனையாகப் பார்த்தால் அந்த இழை தெரியாது.

திருப்பியதை மீண்டும் திருப்புதல்

திருப்புமுனை என்ற சொல் இன்னொரு பொய்யான உறுதியையும் தருகிறது. ஒருமுறை திரும்பியது இனி மாறாது என்று நம்ப வைக்கிறது. பஞ்சமி நிலத்தின் கதை அப்படியல்ல என்று சொல்லும். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் அரசு ஆணை பிறப்பித்து, ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கியது. வேறு சாதியாருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையும் இருந்தது. அந்த நிலத்தின் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். நூறாண்டுக்குப் பிறகு, அதே செங்கல்பட்டில், காரணை நிலத்துக்காகப் போராடியவர்கள்மேல் 1994 அக்டோபர் 10 அன்று காவல்துறை சுட்டது. ஜான் தாமசும் ஏழுமலையும் உயிர்விட்டார்கள். 1892இன் ஆணை ஏட்டில் அப்படியே இருக்கிறது. நிலத்தை மட்டும் திருப்பிவிட்டார்கள்.

உள்ளாட்சியும் அப்படித்தான். 73ஆம் அரசியல் சட்டத் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தபோது, அடித்தட்டு ஜனநாயகத்தின் திருப்புமுனை என்றார்கள். மேலவளவில் தனி ஊராட்சித் தலைவராக வென்ற முருகேசன் 1997 ஜூன் 30 அன்று பேருந்திலிருந்து இறக்கப்பட்டு வெட்டிக் கொல்லப்பட்டார். அவரோடு ஐவர். கொலைக்காக ஆயுள் தண்டனை பெற்றவர்களில் 13 பேர் 2019இல் முன்கூட்டியே விடுவிக்கப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் என்னும் நான்கு ஊர்களில் முறையான தேர்தல் நடத்த 2006வரை பத்தாண்டுகள் ஆயின. சட்டத் திருத்தம் தானாக எதையும் திருப்பவில்லை. உயிர் போகும் என்று தெரிந்தும் வேட்புமனுவில் கையெழுத்துப் போட்டவர்கள் திருப்பினார்கள். அந்தத் திருப்பத்தைக் காக்கும் வேலை இன்றும் தலித் தலைவர்கள் உட்கார நாற்காலி கேட்கும் ஒவ்வோர் ஊராட்சி அலுவலகத்திலும் நடந்துகொண்டிருக்கிறது.

இனி எழுதுகிறவர்களுக்கு

இந்தச் சொல்லை விட்டுவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. நல்ல சொல் அது. ஆள் உள்ள சொல், எதிரியும் உள்ள சொல். அதை எழுதும்போது மூன்று கேள்விகளுக்கு விடை சொல்லிவிட்டு எழுதுங்கள் என்றே கேட்கிறேன்.

திருப்பியது யார்? தலைவரின் பெயர் மட்டும் போதாது. கூட வந்தவர்களின், முன்னால் வந்தவர்களின், குறிப்பாகப் பெண்களின் பெயர் கிடைக்குமா என்று தேடுங்கள். எதிலிருந்து எதற்குத் திருப்பினார்கள்? கூலியா, நிலமா, பெயரா, வாக்கா, நீதியா என்று பிரித்துச் சொல்லுங்கள். ஒன்று திரும்பியிருக்கும், நான்கு திரும்பாமல் இருக்கும். திருப்பியது இன்றும் நிற்கிறதா? நிற்கவில்லை என்றால் அதைத் திருப்பிவிட்டவர்கள் யார் என்று அவர்களையும் எழுதுங்கள்.

மாணவர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் முதன்முதலாகத் தேநீர்க் கடையில் தனிக் குவளையை மறுத்தவர் யார், முதன்முதலாகப் பறையடிக்க மாட்டேன் என்று சொன்னவர் யார், எரியூட்டும் வேலையை, செத்த மாட்டைத் தூக்கும் வேலையை நிறுத்தியது எந்த ஆண்டு, அதற்காக எத்தனை நாள் ஊர் வேலை கொடுக்காமல் பட்டினி போட்டது என்று கேளுங்கள். உங்கள் பாட்டியோ பெரியப்பாவோ சொல்வார்கள். எந்த அரசாணையிலும் அது இல்லை, எந்தப் பாடநூலிலும் அதற்குத் தேதி இல்லை. அந்த மறுப்புகள் ஆயிரம் சேரிகளில் நடந்ததால்தான் தொண்ணூறுகள் வந்தன. சொன்னவர்கள் இருக்கும்போதே பெயரையும் ஆண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். அதன்பிறகு அதைத் திருப்புமுனை என்று எழுதுங்கள். அப்போது அந்தச் சொல் பொருளோடு நிற்கும்.